லவீனா அத்தையின் சாட்சி

எங்கள் லக்கோட்டாப் பூர்வகுடி ஊரில் ஒருவன் கோழி திருடினால் எங்கள் கோர்ட்டே விசாரித்து, நாலு நாள் புல் வெட்ட வைத்து, வீட்டுக்கு அனுப்பிவிடும். ஆள் செத்தால் மட்டும் அமெரிக்கா மொத்தமும் கிளம்பி வந்துவிடும். வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரப் பண்ணைக்காரன் மகன் குடித்துவிட்டு வண்டியைக் கவிழ்த்தால் மாவட்டக் கோர்ட், தெரிந்த நீதிபதி, அவன் அப்பாவோடு மீன் பிடிக்கப் போகிற வக்கீல். லக்கோட்டா மண்ணில் லக்கோட்டாக்காரன் கவிழ்த்தால் மத்திய அரசின் பெடரல் கோர்ட். என் கொள்ளுத்தாத்தா காலத்தில் போட்ட சட்டம். அதற்கு முன்பெல்லாம் போன உயிருக்குக் குதிரைகளைக் கொடுத்து, இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்வோம். அது வாஷிங்டனுக்குப் பிடிக்கவில்லையாம்.

என் தம்பி வெர்டெலும் எங்கள் லவீனா அத்தையின் மகன் எவரெட்டும் போன குளிர்காலத்தில் கூடைப்பந்து ஆட்டம் பார்த்துவிட்டு வந்தார்கள். எவரெட்டின் வண்டி. இரண்டு பேரும் நன்றாகக் குடித்திருந்தார்கள். ஓடைப் பாலத்துக்கு முன்னால் வண்டி புரண்டு, இரண்டு பேரையும் பனியில் தூக்கி எறிந்தது. எவரெட் அங்கேயே முடிந்துபோனான். வெர்டெலுக்குத் தோள் எலும்பு உடைந்தது. ஸ்டியரிங் யார் கையில் இருந்தது என்று பார்த்தவர் யாருமில்லை. பிழைத்தவனுக்கும் ஞாபகமில்லை. ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்பதுவரை சொல்வான், அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி விளக்குதான்.

அத்தை என் அப்பாவின் தங்கை. புருஷன் போய் ரொம்ப வருஷம். எவரெட் ஒரே பிள்ளை. வெர்டெலும் அவனும் அத்தை மகன், மாமன் மகன் என்ற உரிமையில் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே வளர்ந்தவர்கள். "உன் மூக்கைப் பார்த்தா எருமையே வழி விடும்டா" என்று ஒருவன் சொன்னால், "உனக்கும் விடும், நீதான் அதுக்கு அத்தான் முறையாச்சே" என்பான் மற்றவன். சவப்பெட்டியை இறக்கும்போது வெர்டெல் கட்டுப்போட்ட கையோடு நின்றான். அத்தை அவன் பக்கம் திரும்பவே இல்லை.

அடக்கம் முடிந்த பிறகு அவன் செய்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. எங்கள் குடும்பங்களில் இன்னும் சிலர் இதைச் செய்கிறார்கள். தன்னிடமிருந்த ஒரே குதிரையைப் பிடித்துக்கொண்டு, பெரிய நட்சத்திரம் வைத்துத் தைத்த மரியாதைப் போர்வை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, அத்தை வீட்டு வாசலில் போய் நின்றான். பின்னால் நாங்கள் ஒரு இருபது பேர் பனியில் நின்றோம். கூப்பிடும்வரை உள்ளே போகக் கூடாது. சாக்குப்போக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. 'ஞாபகமில்லை', 'இருக்கலாம்', 'அவனும்தான் குடித்தான்' என்றெல்லாம் இழுத்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் 'இருக்கலாம்' என்றா சொல்வது?

அத்தை கதவைத் திறந்தாள். வெர்டெல் சொன்னான்: "அத்தை, உங்க மகன உங்ககிட்டேர்ந்து கொண்டுபோனவன் நான். அவன் இடத்துல என்னை வெச்சுக்கங்க. வேணாம்னா துரத்திடுங்க, போயிடறேன்."

அத்தை அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். குளிரில் என் கன்னம் மரத்துப்போனது. பிறகு உள்ளே போய் எவரெட்டின் மேல்கோட்டை எடுத்து வந்து, உடைந்த தோள் நோகாமல் அவனுக்கு மாட்டிவிட்டாள். "உள்ள வா மகனே, சூப் ஆறிப்போகுது" என்றாள். அவ்வளவுதான் சடங்கு. அந்த நிமிஷத்திலிருந்து அவள் அவனுக்கு அம்மா. இருபது பேர் அதைக் கேட்டோம். கேட்க ஆள் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் கூட்டிப் போவது.

வெர்டெல் அங்கேயே குடியேறிவிட்டான். தோள் கூடியதும் விறகு பிளந்தான், தண்ணீர் சுமந்தான், குடிப்பதை நிறுத்தினான். அத்தை அவனைத் திட்ட ஆரம்பித்தாள். அதுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது, திட்டாத அத்தை அத்தையே இல்லை. "உன் மச்சான் ரொட்டி சுட்டா நாய்கூட பல்லு போயிடும்னு ஓடுது" என்று என் புருஷன் லைலிடம் சொன்னாள். "அத்தை, நாய் புத்திசாலி" என்றான் லைல்.

அப்புறம் எஃப்.பி.ஐ.க்காரன் வந்தான். சின்ன வயசு, மரியாதையான பையன், பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தானாம். அத்தை அவனுக்குக் காபி கொடுத்து, பெர்ரிக் களி கொடுத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். குதிரை, போர்வை, அவன் வாசலில் நின்று சொன்னது, தான் மாட்டிவிட்ட கோட்டு, எல்லாம். மறைக்க என்ன இருக்கிறது? விவகாரம் நல்லபடியாகத் தீர்ந்துவிட்டது என்பதற்கு அதைவிட வேறு என்ன அத்தாட்சி? "இனிமே நீங்க அலைய வேண்டாம் தம்பி, முடிஞ்சுபோச்சு" என்று வாசல்வரை போய் வழியனுப்பினாளாம். அவன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனான். எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள்.

அடுத்து சம்மன் வந்தது. கிராண்ட் ஜூரி என்றார்கள். குற்றம் சாட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிற கூட்டமாம். நீதிபதி கிடையாது, எங்கள் தரப்பு வக்கீல் கிடையாது, அரசு வக்கீல் மட்டும் கேட்பார், இவள் சொல்ல வேண்டும். நகரத்துக்கு நான்தான் வண்டி ஓட்டிக் கூட்டிப்போனேன். என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

அத்தை வெளியே வரும்போது முகம் தெளிவாக இருந்தது.

"என்ன கேட்டாங்க அத்தை?"

"அவன் எப்படி என் மகனானான்னு கேட்டாங்க. சொன்னேன். நல்லாத்தான் சொன்னேன் மருமகளே. பின் வரிசையில ஒரு அம்மா கண்ணத் துடைச்சுக்கிட்டா."

"கையத் தூக்கி சத்தியம் பண்ணச் சொன்னாங்களா?"

"பண்ணேன். பொய்யா சொன்னேன், பயப்பட?"

கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்த அம்மாவும் சேர்ந்துதான் குற்றச்சாட்டுக்குக் கை தூக்கியிருப்பாள். அந்த வாரமே வெர்டெலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வழக்கின் பெயரைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, வயிறு எரிகிற சிரிப்பு: அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் வெர்டெல் ரெட் வில்லோ. அத்தை அதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள்.

"புகார் குடுத்தது யாரு?"

"அமெரிக்கா."

"என் பிள்ளை செத்ததுக்கு அமெரிக்காவா அழுதது? நானில்ல புகார் குடுக்கணும்? நான் குடுக்கலயே!"

இதற்கு அவர்களிடம் ஒரு வார்த்தை இருந்தது. அத்தைக்குப் பேர் 'பாதிக்கப்பட்டவர்'. அதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒரு பெண்மணி வந்து, கோர்ட்டில் பேசுகிற சொற்களுக்கெல்லாம் அர்த்தம் போட்ட ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். வழவழப்பான தாள், முன்பக்கத்தில் கழுகுப் படம். பாதிக்கப்பட்டவர் வழக்கை நடத்துவதில்லை, நிறுத்தவும் முடியாது. தண்டனை சொல்லும் நாளில் எழுந்து பேசலாம். அதுதான் அவளுடைய உரிமை. "கல்யாண வீட்டுல கடைசிப் பந்திக்குக் கூப்பிடற மாதிரி" என்றான் லைல்.

விசாரணைவரை வெர்டெலை ஜாமீனில் என் வீட்டில் இருக்க விட்டார்கள். ஒரு நிபந்தனை: சாட்சியோடு எந்தத் தொடர்பும் கூடாது. சாட்சி என்றால் அத்தை. அவள் வீடு எங்கள் வீட்டிலிருந்து ஒரு கூப்பிடு தூரம். சமையலறை ஜன்னலில் நின்றால் அவள் வீட்டுப் புகை தெரியும். வெர்டெல் அந்த ஜன்னலை விட்டு நகரமாட்டான். "அம்மா விறகு யாரு பிளக்கறாங்க?" என்பான். லைல் போய்ப் பிளந்துவிட்டு வருவான்.

ஒருநாள் அத்தை என்னிடம் சூப் கொடுத்தனுப்பினாள். வெர்டெலுக்கு அரசாங்கம் கொடுத்த வக்கீலம்மா ஹாகன் அன்று வீட்டுக்கு வந்திருந்தார். மினசோட்டாப் பக்கத்துப் பெண், சுருக்கமாகப் பேசுவார், நல்ல மனசு. பானையைப் பார்த்தார்.

"இது யார் குடுத்தது?"

நான் பானையை மூடினேன். லைல்தான், "மேடம், சூப்பு ஒண்ணும் பேசாது. நான் கேட்டுப் பார்த்துட்டேன்" என்றான்.

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "ஆள் மூலமா அனுப்பறதும் தொடர்புதான். தெரிஞ்சா உள்ள போட்டுடுவாங்க. அடுத்த தடவை நான் பார்க்காத மாதிரி பண்ணுங்க" என்றார். வெர்டெல் அந்தச் சூப்பை நின்றுகொண்டே குடித்தான்.

அன்றைக்குத்தான் ஹாகன் எங்களுக்கு எல்லாவற்றையும் விளக்கினார். எவன் ஓட்டினான் என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அரசுதான் நிரூபிக்க வேண்டும். அவர்கள் கையில் இருந்தது வெர்டெலின் ரத்தத்தில் சாராயம், அவன் நெஞ்சில் ஒரு கன்றிய காயம். காயம் ஸ்டியரிங்கிலும் பட்டிருக்கலாம், பக்கத்து இருக்கைக்கு முன்னாலுள்ள பலகையிலும் பட்டிருக்கலாம். மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று: வாசலில் நின்று அவன் சொன்னது.

"அது அத்தை காதால கேட்டதுதானே மேடம்? செவிவழிச் செய்தி சாட்சியாகாதுன்னு அந்தப் புத்தகத்துல போட்டிருக்கே" என்று கேட்டேன்.

"மத்தவங்க சொன்னதா இருந்தா ஆகாது. குற்றம் சாட்டப்பட்டவரே சொன்னா அது செவிவழியில சேராது. அப்படியே உள்ள வந்துடும்."

லைல் தலையைச் சொறிந்தான். "அப்ப ஊர்ல எவனப் பத்தி வேணாலும் வம்பு பேசலாம், தன்னப் பத்தி மட்டும் உண்மை பேசக் கூடாது. அதத்தானே நாங்க காலங்காலமா பண்றோம். இவன் ஒருத்தன்தான் மாத்திப் பண்ணிட்டான்."

"அந்த இருபது பேரும்தான் கேட்டாங்க. அவங்க?" என்றேன்.

"அவங்களைக் கூப்பிட மாட்டாங்க. எல்லாரும் சொந்தக்காரங்க, ஞாபகமில்லைன்னுடுவாங்கன்னு அரசு தரப்புக்குத் தெரியும். சத்தியம் பண்ணிச் சொன்னது உங்க அத்தை ஒருத்தர்தான்."

அது ஒரு வழக்கம், வாக்குமூலம் அல்ல, ஜூரி காதில் விழக் கூடாது என்று அவர் மனுப் போட்டுப் பார்த்தார். தள்ளுபடி. குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று அரசு தரப்பு சொல்லியனுப்பியது. நான்கூட வெர்டெலிடம் கெஞ்சினேன். ஏற்கெனவே ஒருதரம் சொன்னதுதானே, இங்கேயும் சொல்லிவிட்டுப் போயேன் என்றேன்.

"அங்க சொன்னது வேறக்கா" என்றான். "அங்க, போன உயிருக்கு நான் பொறுப்புன்னு சொன்னேன். அதுக்கு ஞாபகம் எதுக்கு? இங்க ஜட்ஜு, 'நீதான் ஓட்டுனியா'ன்னு கேப்பாராம். கையத் தூக்கிட்டு ஆமான்னு சொல்லணும். எனக்குத் தெரியாதே. தெரியாதத எப்படி சத்தியம் பண்றது?"

ஹாகன் தன் கோப்பையில் மிச்சமிருந்த காபியைக் குடித்து முடித்தார்.

விசாரணை நாளன்று அத்தை காரில் வரும்போது ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "நான் சொன்னா அவன் உள்ள போவான், இல்ல?" என்றாள். நான் ஆமாம் என்றேன். "சொல்லலன்னா?" பொய்ச்சாட்சிக்குத் தண்டனை உண்டு என்று மட்டும் சொன்னேன். அவள் உதட்டைக் குவித்து வெளியே ஒரு பருந்தைக் காட்டினாள்.

ஜூரியில் பன்னிரண்டு பேர். எங்கள் ஆள் ஒருவரும் இல்லை. ஒரு பண்ணைக்காரர் மட்டும் எங்களை அவ்வப்போது பார்த்தார், மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிற பார்வை. அத்தை தன் நல்ல சால்வையைப் போர்த்திக்கொண்டு கூண்டில் ஏறினாள். சத்தியம் செய்தாள். அரசு வக்கீல் மெதுவாகத்தான் கேட்டார். எவரெட்டைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொன்னார். பிறகு கேட்டார்:

"அடக்கத்துக்குப் பிறகு வெர்டெல் உங்க வீட்டு வாசல்ல வந்து என்ன சொன்னார்?"

அத்தை என் தம்பியைப் பார்த்தாள். மாதக்கணக்கில் அவனை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

"ஒண்ணும் சொல்லல" என்றாள்.

அறையில் யாரோ இருமினார்கள்.

"ஒண்ணுமே சொல்லலயா?"

"வந்தான். பசின்னான். சூப் குடுத்தேன். குடிச்சிட்டுப் போயிட்டான்."

"உங்க மகனைக் கொண்டுபோனவன் நான்னு சொல்லலயா? அவர நீங்க மகனா ஏத்துக்கலயா?"

"எனக்கு ஒரே மகன். அவன மண்ணுல வெச்சாச்சு. வேற மகன் எனக்குக் கிடையாது."

அந்த இருபது பேரில் பாதிப்பேர் அங்கே உட்கார்ந்திருந்தோம். வெளியாட்களுக்கு அது ஒரு பொய், அவ்வளவுதான். எங்களுக்குத் தெரியும் அவள் என்ன செய்தாள் என்று. ஆட்கள் கேட்கச் சொல்லி உண்டான உறவு அது. ஆட்கள் கேட்க இல்லையென்று சொன்னால், அங்கே என்ன மிச்சம் இருக்கும்? அவனை வெளியே விட வேண்டும் என்பதற்காகத் தன் பிள்ளையை இரண்டாவது தடவையாக அவள் புதைத்தாள். வெர்டெல் தலையைக் குனிந்துகொண்டான். காது மட்டும் சிவந்திருந்தது.

அத்தோடு முடிந்திருந்தால்கூட நான் அந்த விலையைப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவனாவது வீட்டுக்கு வந்திருப்பான்.

அரசு வக்கீல் கோபப்படவில்லை. மேஜைக்குப் போய் ஒரு கட்டுத் தாளை எடுத்து வந்தார். கிராண்ட் ஜூரி முன்னால் அவள் சொன்னது, சொல்லுக்குச் சொல் அச்சடித்து இருந்தது. ஹாகன் எழுந்து ஆட்சேபம் என்றார். நீதிபதி மறுத்துவிட்டார். முன்பு சத்தியம் செய்து சொன்னதும் இப்போது சொல்வதும் முரண்பட்டால், முன்பு சொன்னதையே ஜூரி உண்மையென்று எடுத்துக்கொள்ளலாமாம். பெடரல் கோர்ட்டின் விதி அது. இரண்டாவது சத்தியத்தால் முதல் சத்தியம் சாவதில்லை. இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் கழுகுப் படம் போட்ட புத்தகத்திலும் இல்லை. ஹாகனுக்குத் தெரியும், ஆனால் அத்தை இப்படிச் செய்வாள் என்று அவருக்குத் தெரியாது. சாட்சியிடம் போய் எப்படிச் சொல்ல வேண்டுமென்று பேசுகிற ஆளும் அவர் இல்லை.

வக்கீல் படித்தார். குதிரை, போர்வை, கோட்டு. 'உங்க மகன உங்ககிட்டேர்ந்து கொண்டுபோனவன் நான்.' நல்ல குரல் அவருக்கு. அத்தை அழகாகத்தான் சொல்லியிருந்தாள், சூப் ஆறிப்போனதுவரை. கூண்டில் உட்கார்ந்து தன் வாயால் சொன்னதைத் தானே கேட்டுக்கொண்டிருந்தாள். கை சால்வை நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தது.

ஜூரி சாப்பிட்டுவிட்டு வந்து, குற்றவாளி என்று சொன்னது. கோர்ட்டுக் காவலர்களான மார்ஷல்கள் அங்கேயே அவனுக்கு விலங்கு மாட்டினார்கள்.

வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. ஆனாலும் அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் ஒரே வாக்குவாதம், வேறு மகன் கிடையாது என்று அத்தை சொன்னது செல்லுமா செல்லாதா என்று. லைல் ஒரே பிடியாக இருந்தான். "வாஷிங்டன்காரங்க கிட்டதானே சொன்னீங்க? அவங்க நம்ம கிட்ட போட்ட ஒப்பந்தத்துல எத்தனை செல்லுபடியாச்சு? அந்தக் கணக்குல இதுவும் செல்லாது, விடுங்க அத்தை."

"எங்க சொன்னா என்னப்பா? வாய் என்னோடது" என்பாள் அத்தை.

ஆனால் ஒன்று இருந்தது. ஜெயிலிலிருந்து வெர்டெல் எனக்குப் போன் பண்ணுவான். எடுத்ததும் அவன் கேட்பது, "அம்மா மருந்து சாப்பிடறாங்களா?" நான் போய் அதை அத்தையிடம் சொல்வேன். "என்ன வார்த்தை சொன்னான்? அம்மான்னா?" என்று கேட்பாள். ஆமாம் என்பேன். "சரியாக் கேட்டியா?" என்பாள். அப்புறம் எழுந்துபோய் அடுப்பை மூட்டுவாள். ஒருதரம் சொன்னாள்: "நான் விட்டுட்டேன், மருமகளே. அவன் இன்னும் விடல. ஒரு பக்கம் பிடிச்சிருந்தாலும் கயிறு கயிறுதான்."

தண்டனைக்கு முன்னால் நன்னடத்தை அதிகாரி ஒரு அறிக்கை கொடுத்தார். ஹாகன் அதை எங்களுக்குப் படித்துக் காட்டினார். தண்டனை மாதங்களைவிட எங்களை உடைத்தது ஒரு வரி. ஜெயிலில் இருக்கும்போதும், வெளியே வந்து கண்காணிப்பில் இருக்கும் வருஷங்களிலும், பாதிக்கப்பட்டவரின் குடும்பத்தை அவன் பார்க்கவோ பேசவோ கூடாது. எல்லா வழக்கிலும் போடுகிற வரியாம். பாதிக்கப்பட்டவரைக் காப்பாற்றுவதற்காம்.

"யாருகிட்டேர்ந்து என்னைக் காப்பாத்தறாங்க?" என்று அத்தை கேட்டாள்.

"நீங்க எழுந்து பேசலாம்" என்றார் ஹாகன். "அந்த வரி வேண்டாம்னு கேளுங்க. வேற எதுவும் பேசாதீங்க. அவனோட உறவைப் பத்தி, அந்த நாளைப் பத்தி ஒரு வார்த்தை வேண்டாம். நான் உங்க வக்கீல் இல்ல, ஆனா கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்றேன்."

அத்தை தலையாட்டினாள். எழுபதை நெருங்குகிற வயசு. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் காரில் உட்கார்ந்தால் கால் வீங்கும். அவனை ஜெயிலில் போய்ப் பார்க்கலாம், ஒரு மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்காரலாம், அது மட்டும் கிடைத்தால் போதும் அவளுக்கு. வேறு எதையும் அவள் கேட்கவில்லை. வெளியே வரும் நாள்வரை தான் இருப்போமா என்பது அவளுக்கே சந்தேகம்.

அன்று வெர்டெல் ஆரஞ்சு உடுப்பில், இடுப்புச் சங்கிலியோடு வந்தான். இளைத்திருந்தான். எங்களைப் பார்த்து மோவாயைத் தூக்கினான், அத்தையைப் பார்த்தும் தூக்கினான். நீதிபதி வயசானவர், தூங்குகிறவர் இல்லை, எல்லாவற்றையும் கவனித்துக் கேட்டார். பாதிக்கப்பட்டவர் பேசலாம் என்றார்.

அத்தை எழுந்தாள். "ஐயா, அந்த ஒரு வரிய எடுத்துடுங்க. மாசக்கணக்கு உங்க இஷ்டம். நான் போய் அவனப் பார்க்கணும்" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நீதிபதி அன்பாகவே கேட்டார். "அம்மா, உங்க ஒரே பிள்ளையோட சாவுக்குக் காரணமானவர் இவர்னு ஜூரி சொல்லியிருக்கு. பெரும்பாலும் குடும்பங்கள் இந்தப் பாதுகாப்பைக் கேட்டு வாங்குவாங்க. நீங்க ஏன் வேண்டாங்கறீங்க?"

அன்பாகக் கேட்டதுதான் வினையாகிவிட்டது. அதட்டியிருந்தால் அவள் வாயை இறுக்கியிருப்பாள்.

"ஏன்னா அவன் என் மகன்" என்றாள் அத்தை.

அரசு வக்கீல் எழுந்தார். அவருக்கும் அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது, ஆனாலும் எழுந்தார். விசாரணையில் இதே அறையில், சத்தியத்தின் மேல், இவர் தனக்கு வேறு மகன் கிடையாது என்று சொன்னது பதிவில் இருக்கிறது என்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"திருமதி லவீனா, நான் கேட்டே ஆகணும். அன்னிக்கு நீங்க சொன்னது உண்மையா, இன்னிக்குச் சொல்றது உண்மையா?"

ஹாகன் விருட்டென்று திரும்பி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இன்றைக்குச் சொன்னது உண்மை என்றால் அன்றைக்குச் சொன்னது பொய்ச்சாட்சி. ஆட்கள் முன்னால், நீதிபதி முன்னால், அவள் வாயாலேயே. அந்தக் கட்டடத்தில் அதற்கும் ஒரு வழக்கு, ஒரு எண், அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் லவீனா என்று ஒரு தலைப்பு.

அத்தை பயப்படவில்லை. நான் அவள் பக்கத்திலேயே நின்றேன், எனக்குத் தெரியும். மூச்சை இழுத்தாள், சால்வையைச் சரிசெய்தாள். சொல்லத்தான் போகிறாள். சொல்லிவிட்டு அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். ஆட்கள் கேட்க விட்டதை ஆட்கள் கேட்கத் திரும்பப் பிடிக்கப் போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. வெர்டெலுக்கும் புரிந்தது.

சங்கிலி சத்தம் கேட்டது. மார்ஷல் தோளைப் பிடிப்பதற்குள் அவன் எழுந்துவிட்டான். எங்கள் மொழியில்தான் சொன்னான், சத்தமாக, பின்வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி.

"அத்தை" என்றான். "உட்காருங்க அத்தை. நீங்க எனக்கு அத்தைதான். வேற எதுவும் இல்ல."

என்ன சொல்கிறார் என்று நீதிபதி கேட்டார். யாரும் மொழிபெயர்க்கவில்லை. அத்தை அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கயிற்றின் அந்தப் பக்கத்தையும் அவன் விட்டுவிட்டான். நான் அவள் முழங்கையைப் பிடித்தேன். உட்கார்ந்தாள்.

நீதிபதி, பதில் இல்லை என்று பதியச் சொன்னார். பிறகு தண்டனையைப் படித்தார். அவர்கள் வருஷத்தில் சொல்வதில்லை, மாதத்தில்தான் சொல்வார்கள். அந்த வரியையும் படித்தார், மாற்றமில்லாமல்.